ஆப்புக்கட்டைக்கு வைத்த பொட்டு

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் எளிய இயந்திரங்கள் என்று ஒரு பாடம் இருந்தது. நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரம். கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். ஆனால் அந்த ஒரு பாடம் மட்டும் தலையில் நின்றுவிட்டது. படித்ததை அன்றைக்கே வீட்டில் செய்து பார்க்க முடிந்ததுதான் காரணம். பீரோவுக்கு அடியில் ஈரச்சாக்கைச் செருகி ஒரே ஆளாக மூலைக்கு மூலை இழுத்துப்போவேன். பக்கத்து வீட்டுக்காரிகள் எனக்குச் சாமி வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைக் கட்டியவர் அந்தப் பாடத்தை வைத்தே சோறு சாப்பிட்டவர். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதால், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அவர் மாமாதான். லாரியில் வந்து இறங்கும் லேத், பிரஸ், ஜெனரேட்டர் எதுவானாலும் ஷெட்டுக்குள் கொண்டுபோய் கான்கிரீட் மேடையில் உட்கார வைப்பது அவர் தொழில். எங்கள் பக்கம் அதைக் கலாசி வேலை என்பார்கள். 1991-இல் பென்னலூர்ப் பக்கம் ஹைவேயை ஒட்டிப் புதுசு புதுசாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கிரேன் வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். வந்தாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதன் கை நுழையாது. அதனால் ஐந்து ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். நாங்களும் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் பேசப் பழகினோம். வேலை மட்டும் நிற்கவில்லை. மெஷின்கள் வந்துகொண்டே இருந்தன.

அந்த ஐந்து பேரிடம் இருந்த சாமான் அத்தனையும் இரண்டு கோணிப்பைக்குள் அடங்கிவிடும். மூன்று கடப்பாறை, உருட்டுவதற்கு ஆறு இரும்பு பைப், இரண்டு ஜாக்கி, சங்கிலியால் பாரத்தை இழுத்துப் பிடிக்கிற செயின் பிளாக் ஒன்று, கயிறு, பலகைத் துண்டுகள், நாலு ஆப்புக்கட்டை. பைக்குள் போகாதவை மெஷின் இறங்கச் சரிவு போடுகிற இரண்டு நீள இரும்புச் சேனல்கள்தான். கடப்பாறையால் ஒரு இஞ்சு நெம்பு, அந்த ஒரு இஞ்சுக்கு ஒரு பலகையைச் செருகு, மறுபடி நெம்பு. பைப் நுழைகிற உயரம் வந்ததும் பைப்பைச் செருகித் தள்ளு. ஒருநாள் அவர் சாப்பிடும்போது கேட்டேன்.

"நாலு டன்ன அஞ்சு பேரு தூக்கறீங்களா மாமா?"

"எவன் தூக்கறான்? கடப்பாறைய வுட்டு லேசா கெஞ்சினா அதுவே நவுரும்."

"பொஸ்தகத்துல வேற மாரி போட்டுகீது. வேல ஒண்ணும் கொறையாதாம். பளு கொறஞ்சா தூரம் கூடுமாம்."

"அதான் டெய்லி வூட்டுக்கு லேட்டா வரேன்" என்றார் அவர், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.

அப்படித்தான் இருப்பார். நான் எதைச் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். எனக்கும் வாய் நீளம். மூன்று வயது மகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

அந்த ஆவணியில் அவர்கள் கேங்கின் பழைய மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரரை மேஸ்திரி ஆக்கினார்கள். சாமான் மூட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கூடவே ஆயுத பூஜையும் வந்தது. மேஸ்திரி வீட்டில்தான் கேங்குக்குப் பூஜை என்பது வழக்கம். அதுவரை அந்தப் பழைய மேஸ்திரியின் மனைவிதான் எல்லாம் செய்துவந்தாள். நாங்கள் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு, அவள் வீட்டுக் கோலத்தைப் பார்த்துவிட்டு வருவோம். இந்த முறை மற்ற நாலு பேர் மனைவிமாரும் என் வீட்டுக்கு வருவார்கள். அவள் செய்ததைவிட ஒரு படி மேலே செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அன்று பக்தியைவிட வீம்புதான் அதிகமாக இருந்தது.

பூஜைக்கு முதல்நாள் அவர் வேலைக்குப் போனபிறகு மூட்டைகளைப் பிரித்தேன். கடப்பாறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் துருவை எடுத்தேன். பைப்புகளைக் கழுவித் துடைத்தேன். செயின் பிளாக்கின் ஒவ்வொரு கண்ணியிலும் துணியை விட்டு எடுத்தேன். இரும்புக்கெல்லாம் எண்ணெய் தடவினேன். அது எல்லாரும் செய்வதுதான்.

கடைசியாக ஆப்புக்கட்டைகள். வேலமரத்தில் அறுத்தவை, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தவை. அரம் மாதிரி சொரசொரப்பாக, மண்ணும் கரியுமாக இருந்தன. இழைத்து வழுவழுப்பாக்காமல் ஏன் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆம்பிளைகளுக்குச் சாமானைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்றுதான் தோன்றியது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்தபோது ஒரு கட்டையில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. அரிவாள்மனைப் பலகை வெடித்தால் என்ன செய்வோம்? எண்ணெய் போடுவோம். மர உரலுக்கும் அதேதான். மாடத்தில் விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது. நாலு கட்டைக்கும் முழுசாகத் தடவி, ஊறவிட்டு, மறுபடி ஒருமுறை தடவினேன். கறுத்து மினுமினுவென்று வந்தன. சந்தனம் பூசி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குங்குமப் பொட்டு வைத்தேன்.

எளிய இயந்திரம் பொருளை நகர்த்த உதவும் என்று பாடத்தில் இருந்தது. நகராமல் நிறுத்தி வைப்பதும் அதே ஆப்புதான், அதுவும் பிடிப்பு இருந்தால்தான் நிற்கும் என்று ஒரு வரி அதே பாடத்தில் இருந்திருக்கும். நான்தான் தாண்டிப் போயிருப்பேன்.

பூஜை அன்று சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். வாழைக்கன்று, பொரி, கடலை, சுண்டல் எதிலும் குறை வைக்கவில்லை. ஒருத்தி ஆப்புக்கட்டையைக் காட்டி, "இத்தக்கூட கண்ணாடி மாரி ஆக்கிட்டியே" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அதனால் என் வீட்டுக்காரர் எட்ட நின்றே பார்த்தார்.

"இன்னாமே, கட்டைக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்சிகிற."

"ஒனக்குக்கூட இவ்ளோ அலங்காரம் பண்ணல மாமா, நம்ம கல்யாணத்துல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. புது ஷெட் ஒன்றில் பவர் பிரஸ் இறக்கும் வேலை. முதலாளி மெட்ராஸ்காரர். நல்ல நேரம் முடிவதற்குள் மெஷின் மேடையில் உட்கார வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆட்களின் குடும்பத்தையும் பூஜைக்கு வரச்சொல்லியிருந்தார். பிரசாதம் கிடைக்குமென்று நாங்கள் ஐந்து பெண்களும் போனோம். மகளையும் கூட்டிப்போயிருந்தேன். என் வீட்டுக்காரர் காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாமானை எடுக்கிற அன்றைக்கு முதல் வேலை முடிகிறவரை விரதம் இருப்பார். கற்பூரம் காட்டிவிட்டு அவர் கையாலேயே மூட்டையைக் கட்டினார். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

லாரியின் பின்பக்கத்தை ஷெட் வாசலுக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள். ஷெட்காரர்கள் கொடுத்த தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் இரண்டு சேனல்களையும் சரிவாகச் சாய்த்திருந்தார்கள். சேனல்மேல் பைப்புகள். பைப்புகள்மேல் மெஷின். லாரியின் சட்டத்தில் மாட்டிய செயின் பிளாக், மெஷினைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் செயினை விட்டது. நாலு டன் இரும்பு ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதிச் சரிவில் செயின் தீர்ந்துவிட்டது. இது எப்போதும் நடப்பதுதான். அப்போது ஆப்புக்கட்டைகளை அடியில் கொடுத்து மெஷினை நிறுத்துவார்கள். செயினைக் கழற்றி, கயிறு போட்டு நீட்டி, மறுபடி மாட்டுவார்கள். அந்த ஐந்து நிமிஷம் மெஷினின் மொத்தப் பாரமும் ஆப்பின்மேல்தான் நிற்கும். அப்போது சரிவுக்குக் கீழே ஒருத்தரும் நிற்கக்கூடாது. அது அவர்களுடைய சட்டம். மேஸ்திரி ஆனதும் எங்கள் வீட்டில் வைத்தே மற்ற நாலு பேருக்கும் அவர் சொன்ன முதல் விஷயமும் அதுதான்.

ஆப்புகளை அவர்தான் வைத்தார். செயினைக் கழற்றினார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம்தாம்பா" என்றார். முன்பக்கத்துப் பைப் ஒன்று கோணலாக நின்றது. அது அப்படியே இருந்தால் மெஷின் திரும்பி வாசல் தூணில் இடிக்கும். செயினை மாட்டியபிறகு அதைச் சரி செய்யலாம். ஆனால் அதற்கு நேரமாகும். என் வீட்டுக்காரர் கடப்பாறையை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பைப்பின் முனையைத் தட்டினார்.

நான் நின்ற இடத்திலிருந்து இந்தப் பக்கத்து ஆப்பு தெரிந்தது. பொட்டு வைத்த பக்கம் எனக்கு நேராக இருந்தது. அந்தப் பொட்டு நகர்ந்தது. முதலில் ஒரு விரற்கடை, அப்புறம் ஒரு சாண். சேனலின்மேல் எண்ணெய்க்கோடு ஒன்று மின்னியது. வாயைத் திறந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் மெஷின் இறங்கிவிட்டது.

கீழே அடுக்கியிருந்த கட்டைகளுக்கும் மெஷினின் அடித்தட்டுக்கும் நடுவில் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டார். இரண்டு பெண்கள் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். முதலாளி லாரி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். கேங்கு ஆட்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் கையால் மெஷினைப் பிடித்துத் தள்ளினார்கள். கையால் தள்ளினால் நகருமா? தினமும் அந்த வேலையே செய்கிறவர்களுக்கு அது தெரியாதா? பயத்தில் தொழிலே மறந்துபோயிற்று.

அவர்தான் பேசினார். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"தள்ளாதீங்கடா. கடப்பாறைய உடு. அந்த மூலையில உடு."

கடப்பாறையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டைத்துண்டை முட்டுக்கொடுத்து இரண்டு பேர் அழுத்தினார்கள். போதவில்லை. நான் ஓடிப்போய்க் கடப்பாறையின் நுனியில் தொங்கினேன். நெம்புகோலின் நுனிக்குப் போகப் போகப் பலம் கூடும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். என் கால் தரையை விட்டு எழும்பியது. மெஷினின் மூலை ஒரு இஞ்சு எழும்பியது.

"கட்ட வெய்" என்றார். யாரோ கைக்குக் கிடைத்த ஆப்பை எடுத்தார்கள்.

"அந்த ஆப்பு வாணாம். பலகைய வெய்."

பலகை வைத்தார்கள். மறுபடி நெம்பினோம். இன்னொரு இஞ்சு. "அவசரப்படாதீங்க. ஒரு இஞ்சிக்கு ஒரு பலக." அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். தன்மேல் கிடக்கிற மெஷினைத் தானே மேஸ்திரியாக இருந்து எடுக்க வைத்தார். எட்டுப் பலகை ஆயிற்று. எட்டாவது பலகை வைத்தபிறகுதான் மயங்கினார். நான் கடப்பாறையிலிருந்து இறங்கி அவர் கால்களைப் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

மெஷின் கொண்டுவந்த அதே லாரியில், ஷெட்டின் கதவைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்து, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பூந்தமல்லி தாண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் தலை என் மடியில் இருந்தது. என் கையில் விளக்கெண்ணெய் வாசம் அடித்தது போலவே இருந்தது. இரண்டு நாள் முன்பு தடவியது, எப்படி இருக்கும்? ஆனாலும் அடித்தது.

வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். இடது காலுக்குக் கம்பி வைத்தார்கள். கால் என்று ஒன்று இருந்ததே தவிர அது மடங்கவும் இல்லை, தாங்கவும் இல்லை.

மூன்றாம் நாள் ஷெட்டின் சூப்பர்வைசர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேஸ்திரி பூஜையன்று ராத்திரி குடித்துவிட்டு, போதை தெளியாமல் வேலைக்கு வந்தான், அதனால்தான் மெஷினுக்கு முன்னால் போய் நின்றான் என்று கேங்கு ஆட்களிடம் சொன்னார். அவர்கள் அடிக்கப் பாய்ந்தார்கள். விரதம் இருந்தவனைக் குடிகாரன் என்பதா என்று கேட்டார்கள். எனக்கும் ரத்தம் கொதித்தது. அவர்களோடு இரண்டடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றேன். குடிக்கவில்லை என்று நிரூபித்தால் அடுத்து என்ன கேட்பார்கள்? அப்படியானால் ஆப்பு ஏன் வழுக்கியது என்று கேட்பார்கள்.

அவர் தொழிலில் அவருக்கு இருந்தது ஒரு பெயர் மட்டும்தான். பாரம் நழுவவிடாதவன் என்ற பெயர். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்தப் பெயரை நான் காப்பாற்றியிருக்கலாம். "சார், ஆப்புக்கு எண்ணெய் தடவியது நான்." அவ்வளவுதான். சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லும், என் மாமியார் என்ன சொல்வார், நாளைக்கு என் மகள் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும்விட, அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயந்தேன். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்றால் அது அந்த எண்ணெய்க்காக இல்லை, இந்த மௌனத்துக்காகத்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். நான் தலைமாட்டில் நின்றேன்.

"ஆப்பு எப்படிய்யா நழுவிச்சு? சரியா வெக்கலியா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"குடிச்சிருந்தேன் சார்" என்றார்.

"இன்னா மாமா சொல்ற?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. போலீஸ்காரர் எழுதி முடித்து, கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதோடு எல்லாக் கேள்வியும் நின்றுவிட்டது.

நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் தனியாக வந்து மிரட்டியிருப்பார், இவர் பணிந்துபோயிருப்பார் என்று நினைத்தேன். அவர்மேல் கோபம்கூட வந்தது. செய்யாததை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பேச்சு ஆப்பில் வந்து நிற்கும். வாய் நீளம் என்று பெயர் எடுத்த நான் அதற்கப்புறம் இரண்டு மாதம் கஞ்சி, மாத்திரை, பெட்பேன் இதைத் தவிர வேறு எதுவும் அவரிடம் பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு அவரை நகர்த்துவது என் வேலை ஆயிற்று. நாலு டன்னைக் கெஞ்சி நகர்த்திய மனிதர் ஒரு சாண் புரண்டு படுக்க என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. தெரிந்த பாடம் அப்போதுதான் முழுசாக உதவியது. உடம்புக்கு அடியில் எண்ணெய்ச்சீலையைப் போட்டு, சாக்கில் பீரோவை இழுத்த மாதிரி இழுப்பேன். உத்திரத்தில் கிணற்றுக் கப்பியை மாட்டிக் கயிறு விட்டேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையை இழுத்து உட்காரவைப்பேன். கயிற்றை இழுக்கும்போது எங்கள் முகம் நேருக்கு நேர் வரும். நான் கப்பியைப் பார்ப்பேன்.

தண்ணீர்க்குழாயடியில் ஒருத்தி, "குடிக்காம இருந்திருந்தா கால் இருந்திருக்கும், பாவம்" என்றாள். பூஜையன்று ஆப்புக்கட்டையைக் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொன்னவள்தான். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, மாடத்தில் இருந்த விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துப்போய் ஏரிக்கரைப் புதரில் வீசினேன். அதனால் ஒன்றும் குறையவில்லை.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சர்ச்சில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். வாசலில் மூன்று படி. கேங்கு ஆட்கள் ஒரு பெரிய பலகையைக் கொண்டுவந்து படியின்மேல் சரிவாகப் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கோணிப்பையையும் வைத்துவிட்டுப் போனார்கள். "அண்ணன் சாமான்தான், அண்ணன்கிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்று ஒருவர் சொன்னார்.

அன்று காலைதான் அவரை முதன்முதலாக வெளியே இறக்கினேன். அவரை வண்டியில் உட்காரவைத்துப் பலகைவரை தள்ளிவந்தேன். முன்சக்கரம் சரிவில் இறங்கியதும் வண்டி முழுக்க என் கையில் கனத்தது. பாதியில் பிடி தளர்ந்தது. அவர் சட்டென்று வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. மூச்சு வாங்கிக்க. சக்கரத்துக்கு மின்ன எதுனா வெய்."

ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தேன். கோணிப்பை காலடியில் இருந்தது. கைவிட்டேன். வந்தது ஆப்புக்கட்டை. சந்தனம் உதிர்ந்துவிட்டது. பொட்டின் சிவப்பு மட்டும் மரத்தில் ஊறி அப்படியே இருந்தது. அதை மறுபடி பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்தேன்.

"செங்கல்லு ஒடஞ்சிரும். அதயே வெய்."

"வாணாம் மாமா."

"அடுப்புச் சாம்பலப் போட்டு நல்லாத் தேய்ச்சா எண்ணெ போயிரும். தேய்ச்சிட்டு வெய்."

எண்ணெய் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக யாரும் சொன்னதில்லை. குழம்புக்குத் தாளிக்கும்போதுகூட நான் சொன்னதில்லை.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"வெச்சவன் நான்தான. கையில எடுக்கசொல்லவே பிசுபிசுன்னு இருந்துச்சி. கைலியில தொடச்சேன். பொட்டு அழிஞ்சிருமேன்னு அழுத்தித் தொடைக்கல. அஞ்சு நிமிசம்தான, நிக்கும்னு நெனச்சேன்."

"அந்த ஆப்பு வாணாம், பலகைய வெய்" என்று அவர் மெஷினுக்கு அடியிலிருந்து சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்றம் ஏன் மாமா போலீஸ்ல குடிச்சன்னு சொன்ன?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வேற இன்னா சொல்லச் சொல்ற? எண்ணெ இருந்துச்சின்னு சொன்னா யார் தடவனதும்பான். குடிகாரன்னா ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்றம் மறந்துருவாங்க. பொண்டாட்டி புருசன் கால எடுத்துட்டான்னு சொன்னா மறப்பாங்களா? நீ இந்த ஊர்லதான இருக்கணும். நீ நடக்கறவ. நாலு எடத்துக்குப் போறவ."

நான் அழுதேன். அவர் முன்னால் அதுதான் முதல் முறை. ஆஸ்பத்திரியில்கூட வராண்டாவுக்குப் போய்த்தான் அழுவேன். "நான் சொல்லிருக்கணும் மாமா" என்றேன். "அன்னிக்கே, அந்த சூப்பர்வைசர்கிட்டயே சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கணும்தான்" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம். ரெண்டு மாசமா மூஞ்ச பாக்காம கயித்த இழுத்துகினு இருந்தியே, அதான் தாங்க முடில. இப்ப போய் சாம்பல எடுத்துகினு வா. கை கடுக்குது எனக்கு."

வண்டிக்குச் செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சாம்பல் கொண்டுவந்தேன். கட்டையின் நாலு பக்கமும், பொட்டு இருந்த இடத்தையும் விடாமல், நார் போட்டு அழுத்தித் தேய்த்தேன். சாம்பல் கறுத்து உதிர்ந்தது. மறுபடி போட்டுத் தேய்த்தேன். மரத்தின் சொரசொரப்பு விரலில் ஏறுகிறவரை தேய்த்தேன். பிறகு சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் உதைத்து இறுக்கி, செங்கல்லை எடுத்தேன்.

"வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன் மாமா."

சுவரைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் வண்டியிலிருந்து கையை எடுத்தேன். அவருடைய பாரம் முழுக்க இப்போது ஆப்பின்மேல் நின்றது. நான் சரிவுக்குக் கீழே இறங்கிப்போய், அவருக்கு நேர் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்தேன். வண்டி நகரவில்லை.